வரலாற்றுக்கு இருபது பேர்

ஜூலை 1, திங்கள்

காலை பொங்கல், சட்னி. மதியம் சோறு, முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். இரவு கோதுமை உப்புமா. பொங்கலில் மிளகு அதிகம் என்று ஒரு புதுப்பிள்ளை குறை சொன்னது. தட்டோரத்தில் பொறுக்கி வைத்திருந்தது. “எத்தனை?” என்றேன். “பதினொண்ணு” என்றது. மிளகை எண்ணி வைக்கிற பிள்ளை கணக்குத்தான் படிக்கும் என்றேன். கணக்குத்தான்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. “தினமும் என்ன சமைச்சேன்னு எழுதி வை கனி, நான் பார்ப்பேன்” என்று ஹாஸ்டல் வார்டன் மேடம் சொல்லிப் பதினொரு வருடம் ஆகிறது. பதினொரு டைரி முடிந்துவிட்டது. ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து இப்படி ஓடுகிறதே என்று எனக்கே ஆச்சரியம். இருந்தாலும் என்றைக்காவது எடுத்துப் பார்த்துவிட்டால்? அதனால் சில விஷயங்களை இதில் எழுதுவதில்லை.

இன்று முதல் வருடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எந்தத் துறை என்று கேட்கவே வேண்டாம். சிரித்துக்கொண்டே வந்தால் கம்ப்யூட்டர். முறைத்துக்கொண்டே வந்தால் கெமிஸ்ட்ரி. அழுதால் ஹிஸ்டரி. குழாயடியில் மாரிச்செல்வி என்று ஒன்று மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது.

“பி.காம். கேட்டேன், கெடைக்கலக்கா. கம்ப்யூட்டர் கேட்டேன், கெடைக்கல. ஹிஸ்டரிதான் இருக்குன்னுட்டாங்க.”

“செத்துப்போன ராஜாவுக்கு நீ ஏன்த்தா அழுத? அவுக வீட்டு ஆளுகளே அழுது முடிச்சாச்சு.”

சிரித்துவிட்டது. ரெண்டு கரண்டி உப்புமா கூட வைக்கும்படி பாக்கியத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். பாக்கியம் இரவுச் சமையல். நான் காலையும் மதியமும். நாலு மணி டீயைப் போட்டுவிட்டு ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

ஜூலை 3, புதன்

காலை இட்லி. மதியம் புளிக்குழம்பு, முட்டைக்கோஸ்.

பதினொரு மணிக்குத் துறைகளுக்கு டீ கொண்டு போவதும் என் வேலை. வரலாற்றுத் துறை வாசலில் புதிதாக ஒரு பலகை. என்னென்ன பாடம் இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இந்திய வரலாறு, தமிழக வரலாறு, கல்வெட்டு, அருங்காட்சியகம், சுற்றுலா, பெண்கள் வரலாறு, ஐரோப்பா, அமெரிக்கா. நான் ராஜா ராணியோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் ஹோட்டல் பலகை மாதிரி நீளுகிறது. கல்வெட்டுப் படித்தால் கோயில் கோயிலாகச் சுவரைத் தடவிக்கொண்டு போகலாமாம். அருங்காட்சியகம் படித்தால் உடைந்த பானையை ஒட்டவைக்கிற வேலையாம். நான் ஒரு பானையை உடைத்தால் வார்டன் மூன்று நாள் திட்டுகிறார். ஒட்டுகிறவர்களுக்குச் சம்பளம்!

இந்த வருடம் அங்கே புது மேடம் ஒருவர் வந்திருக்கிறார்கள். பெயர் முத்தரசி. கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், வேலை நிரந்தரம் இல்லை. ஒல்லியான உடம்பு. காலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், பார்த்தாலே தெரிகிறது. அவர்கள் டீக்கு மட்டும் சர்க்கரை கம்மி.

அவர்களும் ஐந்து பத்து பஸ்தான். முன்பக்கம் உட்காருவார்கள். நான் பின்பக்கம்.

ஜூலை 4, வியாழன்

காலை தோசை. நூற்றைம்பது பிள்ளைகளுக்குத் தோசை போடச் சொன்னவர்களை நிற்கவைத்துத் தோசை போடவைக்க வேண்டும்.

முத்தரசி மேடம் மதியம் துறையிலேயே தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். இன்று சுண்டவற்றல் குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல். நல்ல கைப்பக்குவம் என்று கேள்வி.

ஜூலை 5, வெள்ளி

காலை உப்புமா. மதியம் பருப்பு, ரசம், உருளைக்கிழங்கு.

டீ கொண்டு போனபோது மேடம் முதல் வருடத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு வரவேண்டியதுதானே. ஜன்னலோரம் கொஞ்சம் நின்றேன். வரலாறு அரண்மனையில் மட்டும் இல்லை, உங்கள் வீட்டிலும் இருக்கிறது, உங்கள் வயதில் உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். மாரிச்செல்வி எழுந்தாள். அழுது முடித்துவிட்டாள் போல, குரல் கணீரென்று வந்தது.

“மேடம், உங்க அம்மா என்ன பண்றாங்க?”

மேடம் சாக்பீஸை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்கள்.

“சமைக்கிறாங்க.”

“எல்லா அம்மாவும் அதத்தான மேடம் பண்றாங்க!” என்றது ஒரு பிள்ளை. வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார்கள். நான் காலி டம்ளர்களோடு இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலை பொங்கல். மிளகு குறைத்தேன். கணக்குப் பிள்ளை வந்து “இன்னைக்கு ஏழுதான் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறது.

விஷயம் இதுதான். முதல் வருடப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு சின்னப் பாடம் எடுக்க வேண்டும். என்.எம்.இ. என்கிறார்கள். ஒவ்வொரு துறையும் ஒரு பாடத்தைக் கடைவிரிக்கிறது. தாவரவியலில் காளான் வளர்ப்பு. கணிதத்தில் போட்டித் தேர்வுக் கணக்கு. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறது. கூட்டமெல்லாம் காளானில்தான். போன வருடம் வளர்த்த காளானை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூற்றைம்பது பேருக்கு ஒன்றேகால் கிலோ. ஆளுக்குக் கொஞ்சம் காளான் வாசம் பரிமாறினேன்.

வரலாற்றில் முத்தரசி மேடம் நடத்தப் போவது வாய்மொழி வரலாறு. புத்தகத்தில் ஏறாத மனிதர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது. இன்று டீ வைக்கும்போது துறைத்தலைவர் மேடம் பேசியது காதில் விழுந்தது.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள இருபது பேர் சேரணும் முத்தரசி. இதுவரை ரெண்டு பேர். பேப்பர் ஓடலேன்னா உங்க மணிநேரம் குறையும். அடுத்த செமஸ்டர்ல உங்கள வச்சுக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது.”

“சரிங்க மேடம்” என்றார்கள் முத்தரசி மேடம். சரி என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரியும், யார் கேட்டாலும் தெரியும்.

கடலைப்பருப்பு நாலு படி ஊறவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

மதியம் சாம்பார் சாதம், மசால்வடை. ஆளுக்கு ஒரு வடைதான் கணக்கு. வரலாறு எடுக்கிறேன் என்று தாளில் பெயர் எழுதினால் இரண்டாவது வடை. தாளையும் பேனாவையும் வடைத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

வரலாற்றுப் பாடத்துக்கு வரலாற்றுப் பிள்ளைகள்தானே லாயக்கு? அதனால் ரொம்பக் கவனமாக இருந்தேன். சங்கரகோமதி என்று ஒரு கெமிஸ்ட்ரிப் பிள்ளை, கூட ஏழெட்டுப் பேரோடு வந்தது.

“அக்கா, நாங்களும் பேர் எழுதுறோம். வடை குடுங்க.”

“கெமிஸ்ட்ரிக்கு வடை கெடையாது. போயி ஆசிட்டக் குடி.”

“ஓரவஞ்சனை அக்கா இது!”

“ஆமா. வஞ்சனையாத்தான் சுட்டேன், அதான் மொறுமொறுன்னு இருக்கு. போ, போ.”

இருபத்திரண்டு பெயர்! எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ஜூலை 10, புதன்

காலை இட்லி, மதியம் என்ன வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

டீயோடு தாளைக் கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தேன். மேடம் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயராக விரல் இறங்கியது. “ஏம்…” என்று ஆரம்பித்து, பக்கத்தில் துறைத்தலைவர் இருந்ததால் “ஏங்க்கா” என்று முடித்தார்கள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கு வந்த தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை.

இந்த என்.எம்.இ.யைத் தன் துறையில் எடுக்கக் கூடாதாம்! அடுத்த துறையில்தான் எடுக்க வேண்டுமாம். வரலாற்றுப் பிள்ளை காளானுக்குப் போகலாம், கெமிஸ்ட்ரிப் பிள்ளை வரலாற்றுக்கு வரலாம். நான் பிடித்துக் கொடுத்த இருபத்திரண்டும் வரலாற்றுப் பிள்ளைகள். ஒன்றுகூடச் செல்லாது. புதுப்பிள்ளைகள், அவர்களுக்கும் விதி தெரியவில்லை, வடை தெரிந்தது. செல்லுபடியாகிற பிள்ளைகளை நானே கரண்டியைக் காட்டி விரட்டியிருக்கிறேன்.

நாலு மணி டீக்குச் சங்கரகோமதி கூட்டம் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

“ஏத்தா கோமதி, அந்த ஹிஸ்டரிப் பேப்பர் இருக்குல்ல…”

“எங்களுக்குத்தான் கெடையாதுன்னீகளே. ஆசிட்டுதான் குடிக்கணும்.”

“கோவத்தப் பாரு. சும்மா ஒரு வெளாட்டுக்குச் சொன்னா! மனப்பாடமே இல்லாத பாடம்த்தா. உங்கம்மா உன் வயசுல என்ன செஞ்சான்னு கேட்டு எழுதணும், அம்புட்டுத்தான்.”

“எங்கம்மா ஒண்ணும் செய்யல. தீப்பெட்டி ஆபீஸ் போச்சு.”

“அது ஒண்ணுமில்லையா? நானும் பன்னெண்டு வயசுல அங்கதான் போனேன். விடியறதுக்கு முன்னாடி வேன் வந்து ஆரன் அடிக்கும். தூக்கத்துலயே ஏறி உக்காந்துருவோம். சட்டத்துல வரிசையா குச்சி சொருகணும், அதுக்குக் கட்டைன்னு பேரு. நான் ஒரு கட்டை அடுக்கி முடிக்கங்குள்ள என் சேக்காளி ரெண்டு முடிச்சிருவா. நான் பேசிக்கிட்டே அடுக்குவேன்ல.”

“குச்சில மருந்து எப்படிக்கா ஒட்டுவாங்க?” டம்ளர் அந்தரத்தில் நின்றது. “பாஸ்பரஸ் பெட்டியோட பக்கத்துலதான இருக்கும்? குச்சில என்ன?”

“அதெல்லாம் நான் எங்க கண்டேன். மருந்துன்னுதான் சொல்வாக. கையில பட்டா ரெண்டு நாளைக்கு சோத்துல அந்த வாசந்தான். உங்கம்மாட்டக் கேளு, தெரிஞ்சிருக்கும்.”

“எங்கம்மா இதெல்லாம் சொன்னதே இல்ல.”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை என்று தலையாட்டினாள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. இன்னொரு பிள்ளை, ஷமீமா, காமர்ஸ், தன் அம்மா பெட்டி ஒட்டியதைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் பேசப்பேச பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஐந்து பத்து பஸ் போய்விட்டது. ஸ்டாப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் முத்தரசி மேடமும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். ஏன் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

காலை இட்லி. மதியம் தக்காளி சாதம், அப்பளம். வேறு விசேஷமில்லை.

ஜூலை 12, வெள்ளி

விசேஷம் இருந்தது. வார்டன் பார்த்தால் பார்க்கட்டும். இனி மறைக்க என்ன இருக்கிறது?

நேற்று காலையில் பதினாறு பெயர் சேர்ந்திருந்தது, எல்லாம் செல்லுகிற பெயர். சமையல்காரம்மா வடை கொடுத்து ஆள் பிடிக்கிறாள் என்று யாரோ முதல்வர் மேடத்திடம் சொல்லிவிட்டார்கள். என்னையும் முத்தரசி மேடத்தையும் கூப்பிட்டார்கள்.

“இந்தம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று முதல்வர் மேடம் அவர்களைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“ஒரு சம்பந்தமும் இல்லைங்க மேடம். தங்கமான மேடமா இருக்காகளேன்னு நானாத்தான்… அவுகளுக்கு எதுவும் தெரியாது. அவுக யாரோ, நான் யாரோ.”

“அம்மா, போதும்மா.”

இவ்வளவுதான் சொன்னாள் என் மகள்.

முதல்வர் மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அதான பார்த்தேன். அதே மூக்கு” என்றார். பதினொரு வருடமாக என் டீயைக் குடிக்கிறார், நேற்றைக்குத்தான் என் மூக்கைப் பார்த்திருக்கிறார்.

அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே நான்தான் சொல்லியிருந்தேன். அங்கே நீ மேடம், நான் சமையலக்கா, வீட்டுக்கு வந்தால்தான் அம்மா என்று. அவள் மதுரையில் போய்ப் படித்தவள், இங்கே யாருக்கும் தெரியாது. ஒருதடவை தெரிந்துவிட்டால் அவள் போர்டில் எழுதுவதை யார் பார்ப்பார்கள்? சமையல்காரி மகள் என்றுதானே பார்ப்பார்கள்? இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் ‘சரிம்மா’ என்றாள். அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.

“ஏன் சொல்லல?” என்று முதல்வர் கேட்டதற்கு, “அம்மா வேண்டாம்னாங்க மேடம். நான் கேட்டிருக்கக் கூடாது” என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

முதல்வர் மேடம் முடிவாகச் சொல்லிவிட்டார். “இருபதுன்னா இருபது. பிள்ளைங்க தானா வரணும். நாளைக்கு நாலு மணி வரை நீங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. முக்கியமா நீங்க.” கடைசி நீங்க எனக்கு.

ஆக இன்று காலையிலிருந்து நான் பேசவில்லை. தோசை, வாய் மூடல். கணக்குப் பிள்ளை “அக்கா, சுகமில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. பாக்கியம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பதினொரு மணிக்குப் பதினாறு. பன்னிரண்டரைக்கும் பதினாறு. சோற்றை வடிக்கும்போதும் கவனம் அந்தப் பதினாறிலேயே இருந்தது. கஞ்சி காலில் பட்டது. அதற்கும் கத்தவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு வரிசை வாசல் வரை நின்றது. யாரோ வரிசையில் பெரிய ஆளாக நிற்கிறார்களே என்று பார்த்தால் என் மகள் முத்து. கையில் தட்டு. முன்னால் நின்ற பிள்ளைகள் “மேடம், நீங்க முன்னாடி போங்க” என்று விலகினார்கள். “இருக்கட்டும்” என்று வரிசையிலேயே வந்தாள். என் முன்னால் வந்ததும் தட்டை நீட்டினாள்.

“அம்மா, கொஞ்சமா சோறு. ரசம் மட்டும் போதும்.”

ஹாலில் தட்டுச் சத்தம் நின்றது. நான் சோற்றை அள்ளினேன். பேசக் கூடாதே.

“கொஞ்சமா எதுக்கு? காலைலயும் ரெண்டு இட்லியோடதான போன” என்றேன். இது கேட்டது இல்லை, சொன்னது. முதல்வர் மேடம் சொன்னதில் இது சேராது.

“அக்கா பொண்ணா!” என்று மாரிச்செல்வி கத்தினாள். “அன்னைக்கு ‘சமைக்கிறாங்க’ன்னு சொன்னது நம்ம சாப்பாட்டயா மேடம்!”

அதற்கப்புறம் ஒரே சந்தை. முத்து என் அடுப்படிக்குள் வந்து ஆட்டுரல் மேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். ரசம் மட்டும் என்றவள் பொரியலும் கேட்டு வாங்கினாள். நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை, சோற்றுக்குத் தவிர.

நாலு மணிக்குத் துறைத்தலைவர் மேடமே கீழே இறங்கி வந்தார். இருபத்தைந்து பேர். அதில் ஐந்து பேர் காளானில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இருக்கட்டும், அவர்களுக்கும் அம்மா உண்டு.

வார்டன் மேடம் வந்து, “என்கிட்டயாவது சொல்லக் கூடாதா கனி?” என்று சடைத்தார். “எழுதித்தான மேடம் வச்சிருக்கேன். நீங்க வாசிக்கணும்ல?” என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

காலை பொங்கல். மதியம் சோறு, கீரைக்குழம்பு, வாழைக்காய்.

வாய்மொழி வரலாறு முதல் வகுப்பு. எப்படிக் கேள்வி கேட்பது என்று காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். முத்து என்னைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். கையில் மஞ்சள்கூடப் போகவில்லை. முன்னால் ஒரு போனை வைத்துப் பதிவு செய்தார்கள்.

“உங்க பேர் சொல்லுங்க.”

“ஏன், உனக்குத் தெரியாதா?”

சிரிப்பு அடங்க நேரமானது. சண்முகக்கனி என்றேன். அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை. பதினொரு டைரி எழுதினவளுக்கு அந்தப் போனைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. சங்கரகோமதிதான் கை தூக்கினாள்.

“அக்கா, கடைசி நாள் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கேட்டவுடன் வந்துவிட்டது. கடைசி பீரியட், வரலாறு. டீச்சர் ஒரு யுத்தம் நடத்தினார். ஒரு பக்கம் யானைப்படை. எதிர்ப்பக்கம் குதிரை. நடுவில் ஒரு ஆறு. யானை ஆற்றில் இறங்குகிறது. மணி அடித்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் விடியுமுன்னே வேன் வந்துவிட்டது. இன்றுவரை யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

“மேடம் எம்.ஏ. ஹிஸ்டரியாச்சே, வீட்டுல கேட்டிருக்கலாமேக்கா” என்றாள் ஷமீமா.

“வெக்கமா இருந்துச்சு” என்றேன்.

முத்து கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்தாள். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஷமீமா விடவில்லை. “சரி, உங்க பொண்ணு என்ன பண்றாங்க?”

“பாடம் நடத்துறா. ரசம் வைக்கத் தெரியாது” என்றேன். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. மணி அடித்தும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஐந்து பத்து பஸ். நான் வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். முத்து முன்னால் நிற்காமல் பின்னாலேயே வந்து, “தள்ளி உக்காரும்மா” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்த ராஜான்னு கொஞ்சமாவது ஞாபகம் இருக்கா?”

“பேர் நீளமா இருந்துச்சு.”

“எல்லா ராஜா பேரும் நீளம்தாம்மா. ஆறு எது?”

“தண்ணி இருந்துச்சு.”

தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு யுத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். யானை எத்தனை, குதிரை எத்தனை, யார் எந்தக் கரை. கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். இது இல்லை என்றேன். அடுத்தது. இதுவும் இல்லை. நாலாவது யுத்தத்தில் யானை ஆற்றில் இறங்கும்போது எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது.

அது மாதிரிதான் இருந்தது. ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் பஸ் இருக்கிறதே.